ஆட்டோமேட்டிக் மஸ்டாங்கை மேனுவலாக மாற்றக் கொடுக்கிறீர்களா? பெல் ஹவுசிங்கை மூடுமுன் பார்த்துவிடுங்கள்

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 கியூபிக் இஞ்ச் வி8 என்ஜின். சி4 என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, டாப்லோடர் என்ற நாலு கியர் மேனுவல் பெட்டியைப் பூட்டித் தருவதாகப் பேச்சு. பட்டறையிலிருந்து வந்தபோது ஓடத்தான் செய்தது. கொஞ்ச நாளில் நாலாவது கியர் தானாக நழுவத் தொடங்கியது. ரிவர்ஸ் போட்டால் நரநரவென்று கடித்தது. ஆர்பிஎம் ஏற ஏற வண்டி முழுக்க உதறல், ஐடிலிங்கோ நிலையாக நிற்கவில்லை. "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று பட்டறையில் கைகழுவிவிட்டார்கள். வேறொரு இடத்தில் பிரித்துப் பார்த்தபோது, வண்டியின் வயதுக்கும் இந்தக் கோளாறுகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது.

பில்லில் "அலைன்மென்ட்" என்று ஒரு வரி இருந்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங் வேறு என்ஜினிலிருந்து வந்தது. அப்படி வந்தது நடுமையத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பார்க்காமல் பூட்டவே கூடாது. கிளட்ச் போடுவதற்கு முன், ஃபிளைவீலில் காந்த ஸ்டாண்டை நிறுத்தி, கேஜின் முள்ளை பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் தொடவைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முள் மொத்தமாக நகரும் தூரம் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டியில் 0.46. கியர் பாக்ஸின் இன்புட் ஷாப்ட் கோணலாக ஓடி, கிராங்க் முனையில் உள்ள பைலட் புஷ்ஷை முட்டை வடிவத்துக்குத் தேய்த்திருந்தது. நாலாவது கியர் நழுவியதற்குக் காரணம் இதுதான். பெட்டியைத் திறந்து சிங்க்ரோவை (கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) மாற்றியிருந்தால் காசுதான் வீண்.

இதற்கான மருந்து ஆஃப்செட் டவல் பின், அதாவது பெல் ஹவுசிங்கை என்ஜினில் இடம்பிடித்து நிறுத்தும், மையம் சற்று விலகிய முளை. 0.18, 0.36, 0.53 மில்லிமீட்டர் என மூன்று அளவில் வருகிறது. கேஜ் காட்டும் அளவில் பாதிதான் உண்மையான விலகல் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 0.46 காட்டினால் விலகல் 0.23, அதற்குப் போட வேண்டியது 0.18 பின். முழு அளவைப் பார்த்து 0.53 எடுத்துப் போட்டால் எதிர்ப்பக்கம் கோணலாகிவிடும்.

உதறலுக்குக் காரணம் ஃபிளைவீல். பழைய 289, 302 என்ஜின்கள் 28 அவுன்ஸ்-இஞ்ச் சமநிலைக் கணக்கில் (ஃபிளைவீலின் ஒரு பக்கம் வேண்டுமென்றே கூடுதலாக வைக்கும் எடையின் அளவு) செய்யப்பட்டவை. 1980-களில் வந்த 302-க்கு அது 50. இரண்டு ஃபிளைவீலும் ஒரே கிராங்கில் அழகாக உட்கார்ந்துவிடும் என்பதுதான் வினை. இந்த வண்டியில் இருந்தது 50. அப்படியே ஓட்டினால் முதலில் அடிவாங்குவது மெயின் பேரிங். ஃபிளைவீலைப் பிடித்திருந்த போல்ட்டுகளோ, ஆட்டோமேட்டிக்கில் அதன் இடத்தில் வரும் மெல்லிய ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு உரிய குட்டைப் போல்ட்டுகள். தடித்த ஃபிளைவீலில் அவை கிராங்குக்குள் நாலைந்து மரைதான் ஏறும். புதிய ஃபிளைவீல் போல்ட் வாங்கி, 102 முதல் 115 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். ஃபிளைவீலின் விளிம்பில் ஸ்டார்ட்டர் பிடிக்கும் ரிங் கியரிலும் 157 பல், 164 பல் என இரண்டு உண்டு. பெல் ஹவுசிங், என்ஜினுக்கும் அதற்கும் நடுவே வரும் தகடு, ஸ்டார்ட்டர் மூன்றும் அந்தப் பல் எண்ணிக்கைக்குப் பொருந்த வேண்டும்.

ரிவர்ஸ் கடித்தது கிளட்ச் முழுதாக விடுபடாததால். அசல் இணைப்புக் கம்பிகளை விட்டுவிட்டு ஹைட்ராலிக் போட்டிருந்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவு 15.9 மில்லிமீட்டர், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் 22.2. பெடல் மாஸ்டரை 30 மில்லிமீட்டர் தள்ளினால் ஸ்லேவ் வெறும் 15 மில்லிமீட்டர்தான் நகரும். 19 மில்லிமீட்டர் மாஸ்டர் என்றால் 22 கிடைக்கும். போதாக்குறைக்கு மாஸ்டரை வெறும் ஃபயர்வால் தகட்டில் பூட்டியிருந்தார்கள். மிதிக்கும்போது தகடே வளைந்து கொடுத்தது, இருந்த நகர்விலும் கொஞ்சம் அதில் போய்விட்டது. பின்னால் ஒரு தடித்த தகடு கொடுத்துப் பூட்டினாலே தீரும் விஷயம்.

ஐடிலிங் கோளாறு சிரிப்பை வரவழைக்கும். சி4-இல் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குப் போன வேக்யூம் குழாயைக் கழற்றிவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டு முனையை மூடாமல் விட்டிருந்தார்கள், அதன் வழியே காற்று உள்ளே போனது. ஒரு ரப்பர் மூடி போதும். கிக்டவுன் கம்பியை (ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் சி4-ஐக் கியர் குறைக்க வைப்பது) கழற்றும்போது ஆக்சிலேட்டர் ரிட்டர்ன் ஸ்பிரிங் அதே இடத்தில் மாட்டியிருந்ததா என்றும் பாருங்கள்.

நியூட்ரல் சுவிட்ச் ஒயரை நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். அந்தக் காலத்து மேனுவல் மஸ்டாங்கிலும் கிளட்ச் சுவிட்ச் கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் பெடலில் ஒரு சுவிட்ச் வைப்பது பத்து நிமிட வேலை. பிரேக் பெடலோ பழைய அகலப் பெடலை அறுத்து, பக்கத்தில் கிளட்ச் பெடலை வெல்டு அடித்தது. பெடலில் வெல்டிங் கண்டால் வண்டியை எடுக்காதீர்கள், மேனுவல் பெடல் செட்டைக் கேளுங்கள்.

பேசும்போதே சொல்லாமல் விட்டது பின் ஆக்சில் விகிதம். இந்த வண்டியில் 2.80. டாப்லோடரில் முதல் கியர் 2.32, 2.78 என இரண்டு வகை. இவர்கள் போட்டது 2.32. இரண்டையும் பெருக்கினால் 6.50தான், இந்த எண் குறைந்தால் புறப்படும்போது இழுவையும் குறையும். சி4-இல் அது 6.89, அதன்மேல் டார்க் கன்வெர்ட்டர் புறப்படும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுத்தது. ஆகவே மேட்டில் கிளட்சைக் கருக்காமல் வண்டியை எடுக்க முடியாது. 2.78 பெட்டி போட்டிருந்தால் 7.78. அல்லது ஆக்சிலை 3.50 ஆக்கியிருந்தால் இதே பெட்டியிலும் 8.12 வந்திருக்கும்.

கழற்றிய சி4, கன்வெர்ட்டர், கம்பிகள் எல்லாம் "ஸ்கிராப்" என்று மறைந்துவிட்டன. அவை உங்கள் பொருள், பின்னால் விற்க நினைத்தால் மதிப்பும் அவற்றில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு எழுதி வாங்குங்கள். கேஜ் அளவை நேரில் பார்க்காமல் கியர் பாக்ஸை ஏற்ற விடாதீர்கள். கடைசியாக, ஓட்டுநர் கதவுத் தகட்டில் டிரான்ஸ்மிஷன் குறியீடு 6 என்று இருக்கும், அது சி4. நாலு கியருக்கு 5. "தகட்டையும் மாற்றித் தருகிறோம்" என்றார்கள். அடுத்து வாங்குபவரை ஏமாற்றும் வேலை அது. பழைய தகடு அப்படியே இருக்கட்டும்.