ஈரக்காற்றில் தூரப் பார்வை: ஸ்பாட்டிங் ஸ்கோப்பா, சூப்பர் ஜூம் கேமராவா?

அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவை எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், கையில் பிடித்துப் பார்க்கும் 8x42 (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முகப்பு வில்லை) இருகண் தொலைநோக்கி போதாது. அதைத் தாண்டிச் செல்ல விரும்புவோர்க்கு, ஏறத்தாழ ஒரே செலவில், இரண்டு வழிகள் உள்ளன. முக்காலியில் பொருத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று. நீண்டு சுருங்கும் வில்லைக்குழாயால் தூரத்தை அருகே இழுத்துக் காட்டும் சூப்பர் ஜூம் கேமரா மற்றொன்று. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில் இருந்துகொண்டு நான் வாங்கியது முதலாவதை: 80 மி.மீ. முகப்பு வில்லையும், 20 முதல் 60 மடங்கு வரை மாற்றக்கூடிய உருப்பெருக்கமும் கொண்ட ஸ்கோப். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வளர்ந்த செம்பனை (எண்ணெய்ப்பனை)க் காட்டுக்குள் இவை இரண்டுமே வீண். மரங்களை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நட்டிருப்பதால் பார்வை நிரைக்குள்ளேயே அடங்கிவிடும். எலியைக் கட்டுப்படுத்துவதற்காகத் தோட்டங்களில் வைத்திருக்கும் கூட்டுப் பெட்டியில் கூகை இருக்கிறதா என்று பார்க்க இருகண் தொலைநோக்கியே தாராளம். தூரப் பார்வை தேவைப்படுவது மறுநடவுக்காக வெட்டி வெளியாக்கிய நிலத்திலும், பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளின் ஓரத்திலும், நீர் வற்றும்போது கடல் கண்ணுக்கு எட்டாமல் விலகிப்போகும் ஜெரம் கடற்கரைச் சேற்றிலும்தான். அங்கே மேயும் உள்ளான்களில் சிலவற்றின் காலில் ஆய்வாளர்கள் கட்டிய சிறு நிறக்கொடி இருக்கும். அந்தக் கொடியின் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்பதே இந்தக் கருவிகளுக்கு நான் வைக்கும் தேர்வு.

விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் உருப்பெருக்கத்தில் இரண்டுக்கும் வேறுபாடு அநேகமாக இல்லை. 2018இல் வெளிவந்த நிக்கான் பி1000 கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் ஜூம் 125 மடங்கு என்றாலும், அது அகலக் கோணத்திலிருந்து கடைசி நுனிவரை உள்ள விகிதமேயன்றிக் கண்ணுக்குத் தெரிவதை விட 125 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பொருளன்று. 3000 மி.மீ.க்கு நிகரான அதன் கடைசிக் குவியத்தூரத்தைச் சாதாரணப் பார்வைக்கு ஒப்பான 50 மி.மீ.ஆல் வகுத்தால் கிடைப்பது 60; அதாவது என் ஸ்கோப்பின் உச்ச அளவேதான். அந்த நிலையில் அதன் துளை எஃப்/8, அதாவது உண்மைக் குவியத்தூரத்தில் (3000 என்பது நிகர் அளவு மட்டுமே) எட்டில் ஒரு பங்கு என்பதால், ஒளி நுழையும் விட்டம் ஏறத்தாழ 67 மி.மீ. ஆகிறது. 80 மி.மீ. வில்லை அதைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதல் ஒளியை வாங்கும். விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் இந்த வேறுபாடு தெரியும். நல்ல வெயிலில் தெரியாது.

வெயில் ஏறிய பிறகு எப்படியும் 60 மடங்கில் பார்க்க முடியாது. சூடேறிய சேற்றுக்கு மேலே கானல் அலையாடத் தொடங்கினால் பறவையின் கால் நூலாக நெளியும். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட நெளிவுதான் பெரிதாகும். அப்போது 25, 30 மடங்குக்கு இறங்கிவிடுவதே புத்திசாலித்தனம். (ஆயிரம் மீட்டர் தூர இலக்கைச் சுடும் வெளிநாட்டுத் துப்பாக்கிப் போட்டியாளர்கள் இதே கானலைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். பக்கத்தில் வைத்த ஸ்கோப்பின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் வைத்து, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிக்கிறார்கள். நமக்கு அது வெறும் இடையூறு.) ஆகத் தூரமும் கானலும் இரு கருவிகளையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுகின்றன.

நம் ஊரில் உண்மையாகவே முடிவைத் தீர்மானிப்பது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேலே நீடித்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்க வழியுண்டு. இங்கேயோ பெரும்பாலான நாள்களில் அது 80ஐ ஒட்டியே நிற்கிறது. பூஞ்சை வித்து எங்கும் இருப்பது. தூசியும் விரல் எண்ணெயும் ஈரமும் கிடைத்தால் போதும், நூல்நூலாகப் பரவிவிடும். அது வெளியிடும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிட்டால், பிறகு பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் அரித்த தடம் போவதில்லை.

இந்த இடத்தில்தான் இரண்டு கருவிகளின் கட்டுமானம் முற்றிலும் வேறுபடுகிறது. சூப்பர் ஜூம் கேமராவின் குழாய் நீளும்போது உள்ளே இடம் பெருகுகிறது. பெருகும் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போகிறது. சுருங்கும்போது அது வெளியேறுகிறது. ஒவ்வொரு ஜூமும் ஓர் ஊதுலைத்துருத்தியின் இழுப்பைப் போலச் சேற்று ஓரத்தின் ஈரக்காற்றையும் தூசியையும் வில்லைகளுக்கு நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குளிர்சாதன அறையிலோ காரிலோ 20 பாகை செல்சியஸில் இருந்த கேமராவை வெளியே எடுத்து உடனே ஜூம் செய்தால், முன்கண்ணாடி மட்டுமல்லாமல் உள்வில்லைகளும் பனித்துப்போகக்கூடும். முன்கண்ணாடியைத் துணியால் துடைக்கலாம். உள்ளே இருப்பதைக் கடைக்காரர்தான் பிரித்துத் துடைக்க வேண்டும்.

நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப்போ உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைக்கப்பட்டு வருகிறது. அதன் குவியம் உடலுக்குள்ளேயே நகர்வதால் வெளிக்காற்றுக்கு உள்ளே வேலை இல்லை. நைட்ரஜனுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. அதில் ஈரம் இல்லை என்பதே அதன் சிறப்பு. ஆனால் ஓர் எச்சரிக்கை: கழற்றி மாட்டும் கண்ணருகு வில்லை உள்ள ஸ்கோப்புகளில், அதைக் கழற்றினாலும் உடல் அடைப்பாகவே இருக்குமா என்று வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். எல்லா மலிவு மாடல்களிலும் அந்தப் பாதுகாப்பு இருப்பதில்லை. என் ஸ்கோப்பில் கண்ணருகு வில்லையை நான் கழற்றுவதே இல்லை.

அதற்காக ஸ்கோப்பை எங்கேயும் போட்டுவைக்கலாம் என்று பொருளன்று. வெளிப்பரப்பில் பூஞ்சை பிடிக்கவே செய்யும்; குறிப்பாக இமையும் கன்னமும் படும் கண்ணருகு வில்லையில். களத்திலிருந்து வந்ததும் அதைத் துடைத்துவிட்டு, உடன் வரும் துணி உறையிலிருந்து வெளியே எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் வியர்வையையும் தூறலையும் குடித்த அந்த உறைதான் வீட்டுக்குள் பூஞ்சைக்குப் படுக்கை விரிக்கிறது. என் ஸ்கோப் இருப்பது இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஒரு சிறு ஈரமானியோடும் சிலிகா ஜெல் பைகளோடும். ஆரஞ்சு நிற மணிகள் கரும்பச்சையாக மாறினால் அடுப்பில் மெல்லச் சூடாக்கி மீண்டும் போட்டுவிடலாம். கேமராவுக்கு இது போதும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு 40 முதல் 50 விழுக்காட்டில் ஈரப்பதத்தை நிறுத்தும் மின் உலர்பெட்டி வேண்டும். அந்தச் செலவையும் கேமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மறுவிற்பனையிலும் இதே கதைதான். பழைய கேமரா வாங்குகிறவர் முதலில் செய்வது, கைப்பேசி விளக்கை முன்வில்லைக்குள் சாய்வாக அடித்துப் பார்ப்பது. நேர்ப்பார்வைக்குப் பளிங்காகத் தெரியும் கண்ணாடிக்குள், அந்தச் சாய்ந்த ஒளியில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளைத்த சிலந்தி நூல் போன்ற வெண்கீற்றுகள் எழுந்து வரும். அவை தென்பட்ட பிறகு விலை பேசுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. மின்கலம், சென்சார், மென்பொருள் என்று கேமராவுக்கு வயதாகும் வழிகள் வேறும் உண்டு. ஸ்கோப்புக்கு அந்தக் கவலைகளே இல்லை.

கேமராவின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பார்த்ததற்குப் படச் சான்று வேண்டுபவர்க்கு அதுவே வசதி. பி1000 ஏறத்தாழ 1.4 கிலோ எடையோடு முடிந்துவிடுகிறது. ஸ்கோப்புக்கோ முக்காலியின் எடையும் சேர்கிறது. கைப்பேசியை ஸ்கோப்பின் கண்ணருகு வில்லையில் பொருத்திப் படமெடுக்கலாம் என்றாலும், நிற்கும் பறவைக்கே அது ஒத்துவரும். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, போர்ட் டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவான் முனைக்கு மேலே வட்டமிட்டு ஏறும் தேன்பருந்துகளை ஸ்கோப்பால் தொடர்வது கடினம்; அங்கே கேமராக்காரர்களே நிம்மதியாக இருக்கிறார்கள். பறக்கும் பறவையில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அந்தப் பக்கத்தை மேலும் எடைபோட எனக்குத் தகுதியில்லை. விலை உயர்ந்த ஃபுளோரைட் கண்ணாடி ஸ்கோப்புகளும் அப்படித்தான்: மற்றவர்களுடையதில் எட்டிப் பார்த்ததோடு சரி. நிற விளிம்பு குறைவாக இருந்தது தெரிந்தது. விலைக்கு ஏற்ற வேறுபாடுதானா என்பதைச் சொல்ல அந்த ஒரு பார்வை போதாது.

65 மி.மீ. ஸ்கோப் வாங்கினால் போதாதா என்பவர்க்கு: மோட்டார் சைக்கிளில் போகிறவர் என்றால் போதும். 60 மடங்கில் கண்ணுக்கு வந்து சேரும் அதன் ஒளிக்கற்றையின் விட்டம் (65ஐ 60ஆல் வகுத்தால்) ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிக் காட்சி மங்கிவிடும் என்பதால், 40க்கு மேலே போகாமல் பயன்படுத்தினால் அது குறை வைக்காது. மிச்சப்படும் பணத்தை முக்காலியில் போடலாம். காற்றடிக்கும் ஜெரம் கரையில் மெலிந்த முக்காலியின் மேல் வைத்த 80 மி.மீ.யை விட, உறுதியான முக்காலியின் மேல் வைத்த 65 மி.மீ.யில்தான் அந்தக் கொடியின் எழுத்தைப் படிக்க முடியும்.