பில்லிங் மென்பொருள்: விலைப்பட்டியலில் இல்லாத வரம்புகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பம் ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட் நடத்துகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வாங்கிய பில்லிங் மென்பொருளில்தான் இன்றும் பில் போடுகிறோம். வேலையில் குறை சொல்ல முடியாது. எடைபோட்ட பருப்பின் லேபிளையும் பார்கோடையும் தடுமாறாமல் படிக்கிறது, கடன் வாடிக்கையாளர் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கிறது. எங்களைப் படுத்தியதெல்லாம் அதன் உரிமத்தில் இருந்த வரம்புகள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. புதிதாக வாங்கப் போகிற கடைக்காரர்கள் விலை பேசும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கவுன்ட்டருக்கு இவ்வளவு என்றுதான் எல்லோரும் விலை சொல்வார்கள். அந்தக் கவுன்ட்டரை மென்பொருள் எப்படி எண்ணுகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். சில மென்பொருள்களில் உரிமம் கணினியோடு கட்டப்பட்டிருக்கும். நிறுவும்போதே மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எண்களைப் படித்து அதற்கேற்ற சாவி, அதாவது மென்பொருளைத் திறக்கும் குறியீட்டு எண், கொடுப்பார்கள். மின்னழுத்தம் ஏறி போர்டு போய்விட்டால், புது போர்டு மாட்டிய கணினி மென்பொருளின் கண்ணுக்கு வேறு கணினி. பழைய சாவியை விடுவித்துப் புதிய சாவி தருவதற்கு நிறுவனத்தில் ஆள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை, கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில், அந்த ஆள் இருக்க மாட்டார்.

மற்ற மென்பொருள்கள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணும். எங்களுடையது அந்த வகை. யுபிஎஸ் கைவிட்டுக் கவுன்ட்டர் கணினி திடீரென அணைந்தால், அந்த இடத்தில் இன்னும் ஒருவர் உட்கார்ந்திருப்பதாகவே சர்வர், அதாவது எல்லாக் கவுன்ட்டரும் இணைந்திருக்கும் மையக் கணினி, நினைத்துக்கொள்ளும். கரண்ட் வந்து மறுபடி நுழைந்தால் ‘உரிம எண்ணிக்கை முடிந்தது’ என்று பதில் வரும். அந்த இடத்தை நாமே விடுவிக்க ஒரு திரை இருந்தால் அரை நிமிட வேலை. இல்லையென்றால் போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், வரிசையில் நிற்பவர்களும் காத்திருக்க வேண்டும். டெமோ காட்ட வருகிறவர் முன்னாலேயே ஒரு கவுன்ட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி நுழைந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட விளக்கத்தைவிட அது அதிகம் சொல்லும்.

கவுன்ட்டராவது கண்ணுக்குத் தெரிகிற வரம்பு. பில், பொருள், இருப்பு எல்லாம் சேமிக்கப்படும் தரவுத்தளத்தின் வரம்பு தெரியாது. சிறு, நடுத்தரக் கடைகளுக்கு விற்கப்படும் விண்டோஸ் பில்லிங் மென்பொருள்களில் பலவும் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் மேல் ஓடுபவை. அது இலவசம். அதன் வரம்புகளை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்டக் கூடாது, கணினிச் செயலியின் நான்கு கோர்களுக்கு மேல் பயன்படுத்தாது, தரவைத் தாங்கும் நினைவகம் 1,410 எம்பியோடு சரி. அறிக்கை எடுக்க நேரமாகிறது என்றால் ‘ராம் கூட்டுங்கள்’ என்று டீலர் சொல்வார். 32 ஜிபி போட்டாலும் அந்த 1,410 எம்பி வரம்பு நகராது.

எங்கள் தரவுத்தளம் 10 ஜிபியைத் தொட்டது தீபாவளிக்கு முந்தைய வாரத்தில். பொருள் பட்டியல் திறந்தது, விலை வந்தது, இருப்பு காட்டியது. பணம் வாங்கிக்கொண்டு பில்லைச் சேமிக்கும் இடத்தில் மட்டும் சிவப்புப் பெட்டியில் ஆங்கில வாசகம்: பிரைமரி ஃபைல்குரூப் (தரவு எழுதப்படும் கோப்புத் தொகுதி) நிறைந்துவிட்டது. படிப்பதற்குத் தடையில்லை, புதிதாக ஒரு வரி எழுதத்தான் இடமில்லை. “டிஸ்க் நிறைந்திருக்கும், பாருங்கள் சார்” என்றார் உதவி மையத்தில் இருந்தவர். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. அன்று காலை பில் புத்தகத்தில் கையால் எழுதித்தான் வியாபாரம் நடந்தது.

பிறகு, கணினி தெரிந்த உறவுக்காரப் பையன் தரவுத்தளத்தின் மேலாண்மைத் திரையில் எந்த அட்டவணை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற அறிக்கையை எடுத்துக் காட்டினான். இத்தனை ஆண்டு பில்கள்தான் நிறைத்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். பெரும்பகுதியைப் பிடித்திருந்தவை பொருள்களின் படங்களும், விலை மாற்றும் ஒவ்வொரு முறையும் எழுதப்படும் பதிவுகளும். ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் படம் எதற்குப் பில்களோடு ஒரே தரவுத்தளத்தில் இருக்க வேண்டும்? படங்களை வெளியே ஒரு கோப்புறையில் வைத்துப் பெயரை மட்டும் குறித்தால் போதும். பேக்கப் எடுத்துக்கொண்டு படங்களை நீக்கினோம், பில் ஓடியது. கோப்பின் அளவு குறையாது, உள்ளே இடம் காலியாகும், அது போதும்.

நிறுவனம் கொடுத்த தீர்வு, நிதியாண்டுக்கு ஒரு தரவுத்தளம். வரம்பு தரவுத்தளத்துக்குத்தான் என்பதால் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாக 10 ஜிபி கிடைக்கும். முறையான வழிதான். ஆனால் மார்ச் கடைசியில் வாங்கிய குக்கரை ஏப்ரலில் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், பழைய ஆண்டுக்குள் போய் பில்லைத் தேடிவிட்டு இந்த ஆண்டில் கையால் பதிவு செய்ய வேண்டும். எக்ஸ்பிரஸின் 2025 பதிப்பில் வரம்பு 50 ஜிபியாக உயர்ந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ், மரியாடிபி போன்ற வேறு தரவுத்தள மென்பொருள்களில் இப்படி உரிமத்துக்காக வைத்த அளவு வரம்பே கிடையாது. உங்கள் மென்பொருள் எதன் மேல் ஓடுகிறது, எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. 2025 செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய நாள், ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்து 5, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தடவும் எண்ணெய் 18 சதவீதத்திலிருந்து 5. அறிவிப்பு வந்தது 3ஆம் தேதி இரவு. ‘இந்தத் தேதி முதல் இந்த விகிதம்’ என்று மொத்தமாக மாற்றும் வசதி புதிய பதிப்பில்தான் இருந்தது. ஒப்பந்தம் விட்டுப்போன ஆண்டுகளின் தொகையையும் சேர்த்துக் கட்டினால்தான் அந்தப் பதிப்பு என்றார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களிடம் நாங்கள் எந்த உதவியும் பெறவில்லை. பெறாத சேவைக்குப் பணம் கேட்பது நியாயமில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பெயர் சொல்லக்கூடிய ஒரு நல்ல முன்மாதிரி டேலி என்ற கணக்கு மென்பொருள்: நிரந்தர உரிமத்தில் ஆண்டுச் சந்தா விட்டுப்போனாலும் கையில் இருக்கும் பதிப்பு தொடர்ந்து வேலை செய்யும், புதிய பதிப்புகள்தான் வராது.

மாதச் சந்தா மென்பொருள்களில் இது இன்னும் கூர்மையாகிறது. சந்தா நின்றால் பல இடங்களில் பழைய பில்லைப் பார்க்கும் வழியும் அடைபடும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்கச் சொல்கிறது. 2023-24க்கான கெடு 2024 டிசம்பர் 31. அப்படியானால் அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் இறுதிவரை கையில் இருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது ‘சந்தா முடிந்துவிட்டது’ என்று பதில் சொல்ல முடியாது. பில் போடுவதை நிறுத்த நிறுவனத்துக்கு உரிமை இருக்கலாம். நாங்கள் போட்ட பில்லை எங்களிடமிருந்து பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது மாற்று மென்பொருள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விலைப்புள்ளியிலேயே எழுதித் தரும்படி கேட்பவை: உரிமம் முடிந்தாலும் படிக்கவும் எக்செல்லில் எடுக்கவும் வழி, உடைந்த கணினியின் சாவியை நாங்களே மாற்றிக்கொள்ளும் வசதி, தரவுத்தளத்தின் பெயரும் வரம்பும், விட்டுப்போன ஆண்டுக்குத் தண்டத் தொகை இல்லை என்ற உறுதி. பேசிய ஒரு நிறுவனம் முதல் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டது, கடைசிக்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது. தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் இரண்டு கவுன்ட்டர் கூடுதலாக வேண்டும் என்பதற்கு இதுவரை ஒருவரும் சரியான விலை சொல்லவில்லை. எல்லோரும் முழு உரிமமே வாங்கச் சொல்கிறார்கள். பண்டிகைக்கால உரிமம் தரும் நிறுவனம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், எங்களுக்கு உடனே தேவைப்படுகிறது.