மன்னார்குடி அலைன்மென்ட் கடை: நம்பிப் போகலாம்

நீடாமங்கலம் ரோட்டில் எழுபதைத் தொட்டாலே எங்கள் சின்ன கார் நேராக நிற்காது. ஸ்டியரிங்கை லேசாக அசைத்தால் வெடுக்கென்று இழுக்கும். பாதி ரோட்டில் நெல் காயும் அறுவடை நேரத்தில் ரொம்பப் பயம். வேறொரு இடத்தில் தூக்கிக்கூடப் பார்க்காமல் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள்.

இந்தக் கடைக்காரர் முதலில் காற்றைப் பார்த்தார். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், அசைவில்லை. இடமும் வலமும் ஆட்டியதும் டக் டக்கென்று சத்தம். "பேரிங், பால் ஜாயின்ட் நல்லாருக்கு சார். டை ராட் எண்டுதான் போயிருக்கு" என்றார். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை அது. டயரை என்னையே தடவச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் ரம்பம் மாதிரி கீறியது. சக்கரங்கள் முன்பக்கம் வெளியே விரிந்து, டோ-அவுட் ஆகியிருந்ததால்தான் அந்தத் தேய்மானம்.

எண்டை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட் செய்தார், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தார். அதுதான் முறை, ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் செய்தால் காசு தண்டம். கழற்றிய பழைய பார்ட்டையும் கையில் கொடுத்தார், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்போது வண்டி கோணாமல் போகிறது, அம்மாவும் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

உட்கார நிழல் கிடையாது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.