நெடுஞ்சாலை ஓரமா, கார் நிற்கும் இடமா? மொரிசியஸில் சார்ஜர் வைக்க இடம் தேடுவோருக்கு

காத்ர் போர்னில் எங்கள் சங்க மண்டபத்தின் வாகன நிறுத்துமிடத்தில் மின் வாகனங்களுக்குச் சார்ஜர் வைப்பது குறித்து நிர்வாகக் குழு ஆலோசித்தபோது, இரண்டு வழிகள் இருந்தன. சாலையை ஒட்டிய முகப்பை 50 கிலோவாட் டிசி (நேர் மின்னோட்ட) வேக சார்ஜருக்கு வாடகைக்கு விடுவது ஒன்று. உள்ளே கார்கள் நிற்கும் வரிசையில் மெதுவாக ஏற்றும் 7 கிலோவாட் ஏசி (மாறு மின்னோட்ட) சார்ஜர்களை நாங்களே பொருத்துவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். தீவு முழுவதற்கும் திட்டமிடுவோர் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேக சார்ஜரின் நன்மையை விளக்கத் தேவையில்லை. அதன் விலையும் பராமரிப்புச் செலவும் பல மடங்கு அதிகம் என்பதும் தெரிந்ததே. முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கார் ஓரிடத்தில் இயல்பாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது.

இத்தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் சுமார் 45. பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து கிராண்ட் பே வரை சென்று திரும்பினாலும், 40 கிலோவாட் மணி (யூனிட்) பேட்டரி உள்ள காரில் மின்சாரம் மிஞ்சும். பெருநிலப்பரப்பு நாடுகளில் நெடுஞ்சாலையில் பாதி வழியில் நின்றாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் பெரும்பாலும் எழுவதில்லை. மாறாக, பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரின் கார் இரண்டு மணி நேரம் நிற்கிறது. கார் அந்த வேகத்தை ஏற்குமானால், அதற்குள் 7 கிலோவாட் சார்ஜர் ஏறத்தாழ 14 கிலோவாட் மணி ஏற்றிவிடும். நிதானமாக ஓட்டுபவருக்கு அது 80 கிலோமீட்டருக்குக் குறையாது. எபேன் அலுவலகங்களின் நிறுத்துமிடங்களிலும், மெட்ரோ ஏறுவோர் ரோஸ்ஹில், கியூர்பீப் நிலையங்களருகே விட்டுச்செல்லும் இடங்களிலும் கார்கள் பகல் முழுவதும் நிற்கின்றன. அங்கே வேகம் யாருக்கும் பயன்படாது, எண்ணிக்கைதான் பயன்படும். ஒரு 50 கிலோவாட் சார்ஜர் இழுக்கும் மின்சாரத்தில் ஏழு மெதுவான சார்ஜர்கள் ஒரே நேரத்தில் இயங்கலாம். அவை பகலில் இயங்கும்போது சூரிய மின்சாரத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் எல்லோரும் மாலையில் செருகினால், ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் தேவை மேலும் ஏறும்.

செருகியின் வகையும் முக்கியம். ஜப்பானிலிருந்து பழைய கார்களாக வந்திறங்கும் நிசான் லீஃப் வாகனங்களுக்கு டிசி-யில் சாடெமோ என்ற செருகி, ஏசி-யில் டைப் 1 என்ற செருகி. ஐரோப்பிய மாடல்களுக்கு டிசி-யில் சிசிஎஸ் 2, ஏசி-யில் டைப் 2. வேக சார்ஜரில் கேபிள் இயந்திரத்தோடே இணைந்திருப்பதால், பொருந்தாத காருக்கு அது வெறும் கம்பம். டைப் 2 துளை மட்டும் உள்ள ஏசி சார்ஜரில் அவரவர் கேபிளைக் கொண்டுவந்து செருகிக்கொள்ளலாம். காரில் உள்ள துளையோ லீஃபுக்கு மூக்கில். பல கார்களுக்குப் பின் சக்கரத்தின் மேல். ஆகவே இரண்டு கார்களுக்கு நடுவில் கம்பத்தை நிறுத்தினோம். முன்புறமாகவோ பின்புறமாகவோ நிறுத்தினாலும் கேபிள் எட்டுகிறது, நடைபாதையின் குறுக்கே கிடப்பதில்லை. சார்ஜ் நிறைந்த பின்னும் காரை எடுக்காமல் இருப்பவர்களைச் சமாளிப்பதுதான் இம்முறையில் உள்ள உண்மையான தொல்லை.

வேக சார்ஜரே வேண்டாம் என்பதல்ல என் வாதம். விமான நிலையத்திலும், நாள் முழுவதும் ஓடும் டாக்சிகளும் வாடகைக் கார்களும் கூடும் இடங்களிலும் அது அவசியம் என்றே எண்ணுகிறேன். ஆனால் அந்த ஓட்டுநர்களின் அன்றாடத்தை நான் அருகிலிருந்து பார்த்தவனல்லன் என்பதால், எத்தனை வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தாழ்வான இடத்தை விலக்கிவிட வேண்டும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளம் 11 உயிர்களைப் பலிகொண்டது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது அதே நகரில் கார்களை வெள்ளம் அடித்துச் சென்றது. நிழலும் வசதியும் இருக்கிறது என்பதற்காக நிலத்தடி நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மழை பெய்யும் நாளில் இடத்தை நேரில் பார்த்து, தண்ணீர் தேங்கும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, சார்ஜரை மட்டுமன்றி அதற்கு மின்சாரம் தரும் பெட்டியையும் அந்த மட்டத்துக்கு மேலே கான்கிரீட் மேடையில் வைக்க வேண்டும்.