இதுல ரி எங்க சேர்? மியூஸ்ஸ்கோரோடு ஐந்து வருடம்

ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்கு கீபோர்டும் வயலினும் சொல்லிக் கொடுக்கிறேன். 2020 இலிருந்து மியூஸ்ஸ்கோர் என்ற கணினி மென்பொருளில்தான் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, எழுதுகிறேன். அப்போது மூன்றாம் பதிப்பு. 2022 டிசம்பரில் நான்காவது வந்ததும் அதற்கு மாறினேன். காசு கட்ட வேண்டியதில்லை, பழைய லெப்டொப்பிலும் ஓடும்.

இதில் எனக்கு அதிக நேரம் எடுத்தது ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் குறி), ஃப்ளாட் (அரைப்படி இறக்கும் குறி) விஷயம்தான். தமிழ் மொழித் தினப் போட்டிக்கு ஒரு குழுப் பாட்டு, மாயாமாளவகௌளை ராகம். சி-யை ச-வாக வைத்து எழுதினேன். இந்த ராகத்தின் ரி, சி-க்கும் டி-க்கும் நடுவில். அது வர வேண்டிய இடத்தில் சி-யைப் போட்டு மேல் அம்புக்குறி விசையை அழுத்தினேன். சத்தம் சரி. ஆனால் தாளில் விழுந்தது சி ஷார்ப். வயலின் பிள்ளை பார்த்துவிட்டு, "சேர், இதுல ரி எங்க? ச ரெண்டு தடவ இருக்கே" என்றாள். அவள் கேட்டது நியாயம். ச, ச, க என்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. டி-யின் இடம் காலி.

மேல் அம்பு ஷார்ப்பாக்கும், கீழ் அம்பு ஃப்ளாட்டாக்கும். எந்த ஸ்வரம் என்று நாம் மனதில் வைத்திருப்பது அதற்குத் தெரியாது. இப்போது டி-யைப் போட்டு கீழ் அம்பு அழுத்துகிறேன், டி ஃப்ளாட் கிடைக்கிறது. த-வும் அப்படியே, ஏ ஃப்ளாட். ஏற்கனவே தப்பாக எழுதியது இருந்தால் அதைத் தெரிவுசெய்து ஜே விசையை அழுத்தினால் போதும். சி ஷார்ப் டி ஃப்ளாட்டாகிவிடும், சத்தம் மாறாது. இந்த ஒரு விசை தெரியாமல் முதல் வருடம் எத்தனை பக்கம் அழித்து எழுதினேனோ!

இன்னொன்று, மேல் ஸ்தாயி. ஒரு பாருக்குள் (இரண்டு நெடுக்குக் கோட்டுக்கு இடைப்பட்ட பகுதி) போட்ட ஃப்ளாட் அந்த ஸ்தாயிக்கு மட்டும்தான். மேல் ரி-க்குத் தனியாகப் போட வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டேன். பிளே பண்ணிக் கேட்டபோது சதுஸ்ருதி ரிஷபம், அதாவது ஃப்ளாட் இல்லாத டி, எட்டிப் பார்த்தது, அதனால்தான் பிடித்தேன். அடுத்த பாரில் ரி-யைப் புதிதாக எழுதினாலும் ஃப்ளாட்டை நாமேதான் போட வேண்டும். ஆனால் எழுதிய ரி-யை வெட்டி வேறு பாரில் ஒட்டினால் தேவையான ஃப்ளாட் குறியை மென்பொருளே போடும், நடுவில் ஸ்வரம் சேர்த்தாலும் சரிபார்த்துக்கொள்ளும். நான் எழுதும்போது பயப்படாமல் வெட்டி ஒட்டுவது இதை நம்பித்தான்.

பிள்ளைகளின் குரலுக்கு இரண்டு கட்டை, அதாவது டி-யை ச-வாக வைப்பது, வேண்டியிருந்தது. முழுவதையும் தெரிவுசெய்து அம்புக்குறியால் ஏற்றாதீர்கள். டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) கட்டளையில் மேஜர் செகண்ட், அதாவது இரண்டு அரைப்படி, மேலே என்று கொடுத்தால் டி, ஈ ஃப்ளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃப்ளாட், சி ஷார்ப் என்று ஏழு ஸ்வரமும் தன் தன் இடத்தில் வந்து உட்காரும். ஒரே ராகத்தில் ஷார்ப்பும் ஃப்ளாட்டும் சேர்ந்து வருவது புதுப் பிள்ளைகளுக்கு விநோதமாக இருக்கும். அப்புறம் ரி-யும் க-வும் தனித்தனி இடத்தில் தெரிவதைக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

போட்டோகொப்பிக்குக் கொடுக்கும் முன்னால் இன்றும் ரி, த இரண்டையும் விரல் வைத்து ஒவ்வொரு பாராகப் பார்க்கிறேன்.