மெனு போட்டு வாங்குறதா, இருக்கறத வச்சு மெனு போடறதா?

வார மெனு எழுதி அதுக்கு லிஸ்ட் போட்டு வாங்குறது ஒரு வழி, ஃபிரிட்ஜையும் டப்பாவையும் திறந்து பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி மெனு போடறது இன்னொரு வழி, செலவு குறையணும்னா என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான்.

முதல் வழியில தினமும் என்ன சமைக்கன்னு மண்டைய உடைக்க வேணாம், அது பெரிய நிம்மதிதான். ஆனா ஒரு ரெசிபிக்குன்னு கொத்தமல்லி ஒரு கட்டு வாங்குவோம், நாலு தண்டு கிள்ளி போட்டுட்டு மிச்சம் கவருக்குள்ளயே கருத்து கொழகொழன்னு ஆயிடும், அதுவும் காசுதானே.

ரெண்டாவதுல எது முதல்ல கெடும்னு பாக்கணும், அவ்ளோதான் சூட்சுமம். கீரை, காளான், வெட்டி வச்ச காய் எல்லாம் முதல் ரெண்டு நாள்ல முடிச்சிடணும், கேரட், முட்டைகோஸ் வாரக் கடைசி வரைக்கும் தாங்கும், உருளை, வெங்காயம், பருப்பு, பயறு எல்லாம் அவசரமே இல்ல (உருளையையும் வெங்காயத்தையும் ஒண்ணா போட்டு வைக்காதீங்க, சீக்கிரம் கெட்டுடும்). சமைச்சு மிஞ்சினத ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல வச்சா 3, 4 நாள் தாங்கும், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர்தான், மேல தேதி எழுதி ஒட்டிடுங்க, இல்லன்னா அது என்னதுன்னே அப்புறம் தெரியாது.

இதுல ஒரே தொல்லை, ஒரே காய் திரும்பத் திரும்ப தட்டுல வரும், வீட்ல முணுமுணுப்பாங்க, அதுக்கு வாரத்துல ஒரு நாள் மட்டும் மெனு போட்டு வாங்கிக்கலாம்.