குட்டி தர மாட்டேன் என்ற நாய்க்காரர்

கானாடுகாத்தானைத் தாண்டி ஒரு மண்ரோட்டில் இருக்கிறது அந்தத் தோப்பு வீடு. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. அந்த வீட்டுக்காரர் சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டைநாய் மட்டும்தான் வளர்க்கிறார், அதுவும் வருஷத்துக்கு ஒரு ஈத்து (ஒரு தடவை போடும் குட்டிகள்), மிஞ்சிப் போனால் இரண்டு. போன வருஷம் வைகாசியில் குட்டி கேட்டுப் போனோம். இந்த மாசியில்தான் கைக்கு வந்தது. இடையில் நடந்ததைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதும் எழுத முடியாது, குறையும் எழுத முடியாது.

பள்ளத்தூரில் ஆத்தா, அதாவது என் அம்மா, தனியாக இருக்கிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் தோட்டம் என்று இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. அதில் ஒரே ஆள். எனக்குக் காரைக்குடியில் பேங்க் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்க்க முடியும். அப்பச்சி (அப்பா) போன பிறகு ராத்திரியில் ஓடு சரிந்தால்கூட ஆத்தாவுக்குத் தூக்கம் போய்விடும். சரி, ஒரு நாய் இருக்கட்டும் என்று போன சித்திரையில் வெளியூர்க் கடை ஒன்றில் குட்டி வாங்கினோம். 35 நாள் குட்டி. "ஊசி எல்லாம் போட்டாச்சு மேடம், அட்டை அடுத்த வாரம் தர்றேன்" என்றார்கள். ஐந்தாம் நாள் வாந்தி, ஆறாம் நாள் ரத்தமாகக் கழிச்சல். டிரிப் ஏற்றியும் எட்டாம் நாள் விடியுமுன் போய்விட்டது. பார்வோ என்றார் டாக்டர், நாய்க்குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். கடைக்குப் போன் செய்தால், "உங்க வீட்டு ராசி அப்படி" என்று பதில் வந்தது.

அந்தச் சூட்டோடு அடுத்த மாதமே தோப்பு வீட்டுக்குப் போனோம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் காலை நனைத்துத்தான் உள்ளே வரவேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கு மூக்கு விடைத்துவிட்டது, கோயிலா இது என்று. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முந்தி வளத்த நாய் எப்படிப் போச்சுங்க ஆச்சி?"

சொன்னேன். நோட்டை மூடிவிட்டார்.

"இப்ப குட்டி தர மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சுகிற நிலைமை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அவர் விளக்கியதைப் பிறகு டாக்டரிடமும் கேட்டேன், அப்படியே ஒத்துக்கொண்டார். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நிழலும் ஈரமும் இருந்தால் வருஷம்கூட. பினாயில் போட்டுக் கழுவினால் சாகாது, ப்ளீச்சிங் தண்ணீருக்குச் சாகும். முகப்பையும் வளவையும் கழுவிவிடலாம், தோட்டத்து மண்ணை எதைப் போட்டுக் கழுவுவது? "ஊசி முழுசா முடியாத குட்டிய அந்த மண்ணுல விட்டா திரும்பவும் அதே கதைதான்" என்றார். ஆடி கடைசியில் இணை சேர்க்கப் போவதாகவும், அந்த ஈத்தில் ஒரு குட்டியை எங்களுக்கு ஒதுக்கி, கடைசி ஊசி வரை தானே வைத்திருந்து தருவதாகவும் சொன்னார். முன்பணம் வாங்கவில்லை.

நாயின் சினைக்காலமான 63 நாள் கணக்குத் தப்பவில்லை, ஐப்பசி முதல் வாரம் ஆறு குட்டி. ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கிறதே, அங்கே வாங்கிய பர்மா தேக்குப் பலகையில் குட்டிப் பெட்டி செய்திருந்தார். உள்பக்கம் சுற்றிலும் நாலு விரல் உயரத்தில், சுவரைத் தொடாமல் ஒரு கட்டை ஓடுகிறது. தாய் சாய்ந்து படுக்கும்போது பின்னால் மாட்டிக்கொண்ட குட்டி நசுங்காமல் அந்த இடுக்கில் ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு குட்டி கழுத்திலும் ஒரு நிறக் கம்பளி நூல். பக்கத்தில் மளிகைக் கடைத் தராசு ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று.

அந்த நோட்டை ஆத்தா ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார்கள். கணக்கு எழுதும் வீட்டில் வாழ்ந்தவர்கள் ஆயிற்றே, கட்டம் போட்ட நோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தலைப்பு, கீழே தினமும் காலை எடை, கிராமில். பச்சை நூல் குட்டி மூன்றாம் நாள் 20 கிராம் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் பென்சிலில், "பின்காம்பு, தினம் 4 தடவை". நல்லாப் பால் சுரக்கும் பின்பக்கக் காம்பில் அதை மட்டும் தனியாகப் பிடித்துவைத்துக் குடிக்க விட்டிருக்கிறார். பத்தாம் நாள் எல்லாக் குட்டியும் பிறந்த எடைக்கு இரண்டு மடங்கு. பூச்சி மருந்து 2, 4, 6, 8 வாரம் என்று முன்கூட்டியே தேதி குறித்திருந்தது. தாய்க்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் பூச்சி பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும்.

தாய்க்கு நாலு வயது, இது இரண்டாவது ஈத்து. கடுவன் அங்கே இல்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து, ரத்த சம்பந்தம் இல்லாததாகப் பார்த்துச் சேர்த்தாராம். எங்கள் பக்கம் அண்ணன் தங்கச்சிக் குட்டிகளையே சேர்த்துவிட்டு "சுத்த ரத்தம்" என்று விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இது பெரிய விஷயமாகப் பட்டது. 2017-இல் வந்த மத்திய அரசு விதியை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஒரு பெட்டைக்கு வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கே ஐந்துதான், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எங்கள் 35 நாள் குட்டி ஞாபகம் வந்தது. மாநில விலங்கு நல வாரியப் பதிவுச் சான்றிதழையும் கேட்காமலே காட்டினார்.

ஊசி ஏன் மூன்று தடவை என்று கேட்டேன். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும் வரை ஊசி மருந்தை அதுவே அடித்துவிடுமாம். அது எந்த வாரம் இறங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 வாரம், 8 வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போடுவது. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்துக்கு மேல், தனியாக. அதுவரை தோப்பிலேயே இருந்தால் குட்டி ஆளைக் கண்டு மிரளாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி. அதற்காகவே குக்கர் விசில், டிவிஎஸ் 50 சத்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடை விரிப்பது என்று தினம் ஒன்றாகப் பழக்கினார். வாரம் ஒருமுறை எங்களையும் வரச் சொன்னார். ஆத்தா கட்டிய பழம்புடவைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் படுக்கையில் போட்டுவைத்தார்.

இனி குறைகள். போன் எடுக்கவே மாட்டார். எத்தனை தடவை அடித்தாலும் சாயங்காலம் ஒரு மெசேஜ் வரும், அதுவும் ஒரே வார்த்தை. குட்டியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. என் வீட்டுக்காரருக்குச் சிவப்பு நூல்காரன் மேல் கண். "அவன் துடியான ஆளு, ஆத்தாவால பிடிக்க முடியாது" என்று பச்சை நூலைத்தான் கொடுத்தார். விலை 14,000, கூடுதலாக வைத்திருந்த வாரங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு 3,000. இது முன்னாலேயே சொன்னதுதான், ஆனாலும் பில் கிடையாது, நோட்டில் எழுதிக் கிழித்த தாள்தான். எனக்கு நிஜமாகவே உறுத்தியது வேறு. பெரிய நாய்களைப் பகல் முழுக்கச் சங்கிலியில் போடுகிறார். சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவிழ்த்துவிடுகிறார்தான், இருந்தாலும் முயல் விரட்டப் பிறந்த நாய்க்கு அது போதுமா? கேட்டால் பக்கத்துத் தோட்டத்து ஆடு, கோழி என்கிறார். வேலி போடலாமே அண்ணே என்றேன். சிரித்தார், அவ்வளவுதான்.

கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் அவரிடமே திருப்பித் தரவேண்டும். அப்புறம் எங்கள் வீட்டு அமைப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னதுதான் எந்தக் கடையிலும் கிடைக்காத யோசனை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் எண்ணெய் போட்டதுபோல வழவழவென்று இருக்கும், வளர்கிற குட்டிக்குக் கால் அகன்று வழுக்கும். அதனால் அது ஓடும் வழியில் கயிற்றுப் பாயோ சாக்கோ விரிக்கச் சொன்னார். ஒரு வயது வரை முகப்புத் திண்ணையிலிருந்து குதிக்க விடக்கூடாது. சின்ன வெங்காயம் போட்ட எதுவும் ஆகாது, நாய்க்கு ரத்தம் கெடும். செட்டிநாட்டு அடுப்படியில் வெங்காயம் இல்லாமல் என்ன மிஞ்சும், வெள்ளைப் பணியாரம்தான். அதையும் பாதிக்கு மேல் தராதீர்கள் என்று ஆத்தாவைப் பார்த்தே சொன்னார்.

அந்தப் பச்சை நூல் குட்டிக்குச் சிட்டு என்று பெயர், இப்போது ஏழு மாதம் முடிந்துவிட்டது. விலா எலும்பு லேசாகத் தெரியும், சிப்பிப்பாறைக்கு அதுதான் சரியான உடம்பு. ஆனால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் "என்ன ஆச்சி, சோறு போடுறதில்லையா?" என்று கேட்டு ஆத்தாவின் மானத்தை வாங்குகிறார்கள். ராத்திரி ஓடு சரிந்தால் அது ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறது, ஆத்தாவும்தான்.

வேண்டுமென்றால் காலை பதினொரு மணிக்குள் நேரில் போங்கள். வேறு நாய்ப் பண்ணைக்கோ கடைக்கோ போய்விட்டு அதே நாளில் போகாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். நேற்றும் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது: "எடை?" தராசு காரைக்குடியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.